வானத்து வெளிச்சம் அவருக்கு

செத்தவர்களின் பெயரைச் சொன்னால் உடனே அதையும் சொல்லிவிட வேண்டும். டெலியாவின் அம்மா ஒனோராவுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. பேச்சு எந்த மொழியில் ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த மூன்று வார்த்தை மட்டும் அயர்லாந்துக் கடற்கரையின் பழைய மொழியில்தான் வரும். "எங்கப்பா டாய்க், வானத்து வெளிச்சம் அவருக்கு, முட்டையை உப்பில்லாம தொடமாட்டாரு." "அந்தக் கரண்டி மார்ட்டின் செதுக்கினது, வானத்து வெளிச்சம் அவனுக்கு." போன வருஷம் வயிறு ஊதிச் செத்த சிவப்புப் பசுவுக்குக்கூட ஒருதரம் வாய் தவறிச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதனால்தான் அன்றைக்கு டெலியாவின் காதில் அது விழாமல் போனது பெரிதாகக் கேட்டது.

ஹில்கர் வந்திருந்தார். பக்கத்து நிலத்து ஜெர்மன்காரர், மனைவியை இழந்தவர், அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். அடுப்பின் புகைக்குழாயைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பும்போது கதவு திறக்கவில்லை. இழுத்துப் பார்த்தார். அமெரிக்கப் புல்வெளியில், புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடு அது, ஈரம் பட்டால் நிலைப்படி இறுகிக்கொள்ளும்.

"கொஞ்சம் மேல தூக்கி இழுக்கணும்," என்றாள் அம்மா. "பார்ட்லி செஞ்ச கதவு அது."

அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எரிப்பதற்காகக் காய்ந்த புல்லை முறுக்கிக்கொண்டிருந்த டெலியாவின் கை நின்றது. தும்மல் வரும் வரும் என்று மூக்கு காத்திருக்குமே, அதுபோல, அப்பா பேருக்குப் பின்னால் அந்த மூன்று வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"என் கெர்ட்ரூடும் கதவு ஒட்டினா காலால உதைப்பா," என்று ஹில்கர் சிரித்தார்.

"வானத்து வெளிச்சம் அவங்களுக்கு," என்றாள் அம்மா சட்டென்று.

கதவு திறந்து மூடியது. டெலியா மறுபடி புல்லை முறுக்க ஆரம்பித்தாள். அப்பா செத்து மூன்று குளிர்காலம் ஆகிறது. பனிப்புயலில் மாட்டுக்கொட்டகைக்குப் போனவர் வழி தவறிப் போய்விட்டார். பனி உருகியும் உடம்பு கிடைக்கவில்லை. நரிகள் இருக்கிற பூமி, அப்படித்தான் என்றார்கள். சாமியார் பூசை வைத்தார். ஊரில் எல்லாரும் பார்ட்லி ஃபோலன் பேரோடு அந்த மூன்று வார்த்தையையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். அம்மா சொல்லி ஒருமுறையாவது கேட்டிருக்கிறோமா என்று டெலியா யோசித்தாள். பூசையில்? இல்லை, தலையைக் குனிந்துகொண்டாள். ஜெபமாலை முடிந்து செத்தவர்களுக்காக வேண்டும்போது? அப்பா பேர் வரும் இடத்தில் அம்மாவுக்கு இருமல் வரும்.

மூன்று வருஷமாக அதே இடத்தில் இருமல்.

அன்று ராத்திரி, தூங்கிப்போன தங்கை வின்னியின் காதோரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "அப்பா செத்துட்டாருல்ல?" ஆறு வயசுக்காரி தூக்கத்தில் ஓர் உதை விட்டாள். அவ்வளவுதான் பதில்.

கேட்கக்கூடப் பயமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. போன ஞாயிறுதான் கோவிலில் முதல் ஓலை வாசித்தார்கள். லோரன்ஸ் ஹில்கருக்கும் ஒனோரா ஃபோலனுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லவும் என்று. இன்னும் இரண்டு ஞாயிறு, இரண்டு ஓலை. யாரும் வாய் திறக்காவிட்டால் பலகை வீடு, கிணறு, கறவை மாடுகள், வின்னிக்கு ஒரு ஜோடி பூட்ஸ். யாராவது வாய் திறந்துவிட்டால் வின்னி கன்னியர் மடத்து அநாதை இல்லத்துக்கு, டெலியா நகரத்து ஓட்டலில் பாத்திரம் தேய்க்க, அம்மா எங்கே என்று தெரியாது. ரெண்டு வருஷம் வெட்டுக்கிளி தின்ற நிலம், மூன்றாவது வருஷம் ஆள் இல்லாமல் கிடந்த நிலம், இன்னொரு குளிர்காலத்தைத் தாங்காது. அம்மா இதையெல்லாம் ஒருநாள் காலையில் டெலியாவிடம் சொல்லியிருந்தாள், உருளைக்கிழங்கு இன்னும் எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் அதே குரலில்.

இரண்டாம் ஓலையும் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை. பூசை முடிந்து ஹில்கர் தன் வீட்டுப் பன்றிக்கறியை எடுத்துக்கொண்டு மண்வீட்டுக்கு வந்தார். நேப்லா மல்கெரினும் வந்திருந்தாள். அம்மா வந்த அதே கப்பலில் வந்தவள், வின்னிக்கு ஞானத்தாய். ஊரில் யார் வீட்டுப் பானையில் என்ன வேகிறது என்று மூடியைத் திறக்காமலே சொல்லுவாள்.

"ஜெர்மன்காரன் பன்னியை வளர்க்கறதைப் பார்த்தா பொறாமையா இருக்கும்டி ஒனோரா," என்றாள் தட்டை நீட்டிக்கொண்டு. "எங்க வீட்டுக்காரன் என்னை அப்படிப் பார்த்துக்கிட்டதில்லை."

"பன்னி எதுத்துப் பேசாதுல்ல, அதனாலதான்," என்றாள் அம்மா.

ஹில்கருக்கு சந்தோஷம். அன்றைக்கு அவர் புதுச் சட்டை போட்டிருந்தார், கழுத்துப் பட்டி இறுக்கி முகம் சிவந்திருந்தது. கறித்துண்டைக் கத்தியில் குத்தித் தூக்கினார். தான் கற்றுக்கொண்டதை எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார் போல. அந்தப் பழைய மொழியில், ஜெர்மன் நாக்கால் நெளித்து நெளித்துச் சொன்னார்.

"இது என் பன்னி. வானத்து வெளிச்சம் அதுக்கு."

நேப்லாவுக்குப் புரையேறிவிட்டது. வின்னி மேஜையைத் தட்டிச் சிரித்தாள். அம்மாகூட உதட்டைச் சுழித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குத் தைரியம் கொடுத்துவிட்டது. மோர்க் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"அடுத்த வாரம் என் வீட்டுக்கு வரப்போறவ, நல்லவ. ஒனோரா. வானத்து வெளிச்சம் அவளுக்கு."



அம்மாவின் முகம் மோர் மாதிரி வெளுத்துப்போயிருந்தது. கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். எழுந்தாள். கதவை மேலே தூக்கி இழுத்து, வெளியே போய், பின்னாலேயே சாத்திக்கொண்டாள்.

"அட கூறுகெட்ட மனுஷா!" என்று நேப்லா கத்தினாள். "அது செத்தவங்களுக்குச் சொல்றதுய்யா! கட்டிக்கப் போறவளைப் பார்த்துக் கருமாதி வாசிக்கிறியே!"

ஹில்கர் நின்றபடியே இருந்தார். "எனக்குத் தெரியாது. கடவுளே. நான் அது எல்லாருக்கும் சொல்ற ஆசீர்வாதம்னு நெனச்சேன். அவ எப்பவும் சொல்றாளே."

"செத்தவங்க பேரு வந்தா சொல்லுவா. நாங்க எல்லாருமே சொல்லுவோம்."

"இல்லை." ஹில்கர் நிஜமாகவே யோசித்துச் சொன்னார், பாவம், தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்கிறவர் போல. "என் கெர்ட்ரூடுக்குச் சொல்றா. அவ அப்பாவுக்கு, தம்பிக்கு. ஆனா பார்ட்லிக்குச் சொல்றதில்லையே. ஒருதடவைகூட. அதனாலதான் செத்தவங்களுக்குன்னு எனக்குத் தோணலை."

நேப்லாவின் வாயில் கறி இருந்தது. மெல்லுவதை நிறுத்தினாள். டெலியா தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். யாரும் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை, இருந்தாலும் அடுக்கினாள். நேப்லாவின் கண் தன் முதுகிலேயே இருப்பது தெரிந்தது.

மறுநாள் அம்மாவும் டெலியாவும் மக்காச்சோளம் உரித்தார்கள். வயலில் நின்ற தட்டையிலேயே கதிரைப் பிடித்து, கையில் கட்டிய இரும்பு முள்ளால் மட்டையைக் கிழித்து, ஒடித்து வண்டிக்குள் எறிய வேண்டும். காற்று வடக்கிலிருந்து வந்தது. விரல்கள் முதலில் வலிக்கும், பிறகு எரியும், பிறகு ஒன்றுமில்லாமல் போய்விடும். ஒன்றுமில்லாமல் போன பிறகுதான் வேகம் வரும். வண்டிக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் டெலியா. முகம் தெரியாதது வசதியாக இருந்தது.

"அம்மா."

"ம்."

"அப்பா செத்துட்டாரா?"

அந்தப் பக்கமிருந்து ஒரு கதிர் வந்து பலகையில் மோதி விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"நேப்லா கேக்கச் சொன்னாளா?"

"இல்லை. நான்தான் கேக்கறேன்."

"தெரியாதுடி," என்றாள் அம்மா. "உசுரோட இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. போனாரு. அவ்வளவுதான் தெரியும்."

டெலியாவின் கை தானாகக் கதிரை ஒடித்தது. எறிந்தது. அந்தக் காலையை அவள் இப்போது பார்த்தாள். மூன்று வருஷமாகக் கண் முன்னால் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்காமலே இருந்திருக்கிறாள். அப்பா பழைய கோட்டுக்குள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டிருந்தார். அன்று புதன்கிழமை. மதியம்தான் புயல் வந்தது, அவர் கிளம்பியது அதற்கு வெகு முன்னால். இருட்டும் நேரத்தில் அம்மா வெளியே போனாள். புயலில் வழி தவறாமல் இருக்கக் கதவிலிருந்து கொட்டகைக்குக் கட்டியிருந்த கயிறைப் பிடித்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது தலையெல்லாம் பனி. "கயிறு அவுந்து கெடக்கு," என்றாள். "உங்கப்பா கொட்டகைக்குப் போனாரு, காணோம்." அப்பா போட்ட முடிச்சு அது. படகு கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு. ஒருநாளும் அவிழாது.

"நீதான் அவுத்தியா?"

"ஆமா, நான்தான் அவுத்தேன். புருஷன் புயல்ல போயிட்டான்னா மாவு மூட்டை தூக்கிட்டு வருவாங்க. விட்டுட்டுப் போயிட்டான்னா வேடிக்கை பார்க்கத்தான் வருவாங்க."

"எங்க போனாரு?"

"மேற்க. செம்புச் சுரங்கத்துல நம்ம ஊராளுங்க நிறையப் பேர் இருக்காங்கன்னு சொல்லிட்டிருந்தாரு. இல்லை கடலைப் பார்க்கப் போனாரோ என்னமோ." அம்மாவின் குரலில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. "மீன் பிடிச்சவரைக் கொண்டுவந்து இந்தப் புல்லுக்கு நடுவுல விட்டாங்க. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணி வாசனையே இல்லைன்னு சொல்லுவாரு. உன் தம்பிப்பாப்பா, வானத்து வெளிச்சம் அவனுக்கு, போனதுக்கப்புறம் அதையும் சொல்றதில்லை."

வண்டி மாடுகளை நாலடி நகர்த்திவிட்டு மறுபடி நின்றார்கள். கேட்காமலே அம்மா பேசினாள். அவள் அவ்வளவு பேசி டெலியா கேட்டதே இல்லை.

"எங்க வீட்டுல பஞ்சத்துக்கு முன்னாடி ஒம்பது பேரு. எங்கப்பா கஞ்சிக்காக ரோட்டு வேலைக்குப் போயி, கல்லு உடைச்ச எடத்துலயே உட்கார்ந்தபடி போனாரு. வானத்து வெளிச்சம் அவருக்கு. சாயங்காலம் கங்காணி வந்து தட்டி எழுப்பினானாம். என் தம்பி மார்ட்டின் கடல்பாசி தின்னு வயிறு வீங்கிப் போனான். வானத்து வெளிச்சம் அவனுக்கு. நானும் அம்மாவும் தங்கச்சியும் மிச்சம். நான் பெருசானதும் பாஸ்டன்ல இருந்த மாமா டிக்கெட் அனுப்பினாரு. எங்க ஊர்ல, கப்பலேறப் போறவங்களுக்கு முத நாள் ராத்திரி சாவு வீடு மாதிரியே நடத்துவாங்க. திரும்பி வரவே போறதில்லையே, அதனால. சொந்தக்காரங்க வருவாங்க, குடிப்பாங்க, ஆடுவாங்க, ஒப்பாரி வைப்பாங்க. போறவ நடுவுல உட்காரணும். நானும் உட்கார்ந்திருந்தேன். ஒப்பாரி நல்லாத்தான் இருந்துச்சு. என்னைப் பத்தி அவ்வளவு நல்லதா அதுக்கு முன்னாடி யாரும் சொன்னதில்லை."

இதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாள் போலிருந்தது. வண்டிக்கு அந்தப் பக்கம் என்பதால் தெரியவில்லை.

"விடியறப்ப எங்கம்மா என் தலைல கைவச்சா. வந்திருந்தவங்களைப் பார்த்துச் சொன்னா. 'என் மக ஒனோரா, வானத்து வெளிச்சம் அவளுக்கு, வெண்ணெய் நல்லா கடைஞ்சா.' கடையறான்னு சொல்லலை. கடைஞ்சான்னு சொன்னா. நான் எதிர்ல உட்கார்ந்திருக்கேன். மூஞ்சி கழுவி, தலை பின்னி உட்கார்ந்திருக்கேன்."

"வலிச்சுதாம்மா?"

"வலிக்கலைடி. அதுதான். அப்பவும் வலிக்கலை, அதுக்கப்புறமும் எதுவும் சரியா வலிக்கலை. கப்பல்ல உங்கப்பா பாட்டுப் பாடினாரு, நல்லாருக்குன்னு தெரிஞ்சுது, ஆனா தூரத்துல எங்கயோ நல்லாருந்துச்சு. நீங்க பொறந்தீங்க. பாப்பா போனான். எல்லாம் தூரத்துலதான். அடுப்புல கை பட்டா, தோல் கருகற நாத்தம் வந்தாத்தான் எனக்குத் தெரியுது." ஒரு கதிர் வந்து பலகையில் விழுந்தது. "உசுரோட இருக்கறவங்களுக்கு அதைச் சொன்னா உள்ள ஏதோ அணைஞ்சு போயிடுது. எங்கம்மா எனக்குச் செஞ்சதை நான் அந்த மனுஷனுக்குச் செய்ய மாட்டேன். விட்டுட்டுப் போனவர்தான். இருந்தாலும் மாட்டேன்."

"ஊர் பூரா பொய் சொல்லியிருக்கே. சாமியார்கிட்ட சொல்லியிருக்கே. இது மட்டும் மாட்டியா?"

"பொய்யைப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லித் தொலைச்சுக்கலாம். இது பொய் இல்லைடி. இது செய்யறது."

வண்டி நிறைந்தது. டெலியா கையிலிருந்து முள்ளை அவிழ்த்தபோது வாரை இறுக்கிய இடத்தில் ரத்தம் கட்டி நீலமாக இருந்தது. அழுத்திப் பார்த்தாள், வலிக்கவில்லை. குளிர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் கியோ சாமியாரின் குதிரைவண்டி வந்து நின்றது. பக்கத்தில் நேப்லா உட்கார்ந்திருந்தாள், கோவிலுக்குப் போடும் கறுப்புச் சால்வையோடு. மறுநாள் மூன்றாம் ஓலை.

சாமியார் நல்லவர்தான். நனைந்த கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, தேநீர் வேண்டாம் என்று சொல்லி, பிறகு வாங்கிக் குடித்தார். அவருக்கே சங்கடமாக இருந்தது.

"ஒனோரா, ஒரு கேள்வி கேக்கணும். கேக்காம நாளைக்கு நான் ஓலை வாசிக்க முடியாது. உன் புருஷன் செத்துட்டாருன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"அவர் போனாரு சாமி," என்றாள் அம்மா. "புயல் வந்துச்சு."

"இதைத்தான் சாமி சொல்றேன்!" நேப்லா முன்னால் சாய்ந்தாள். "மூணு வருஷமா இதையேதான் சொல்றா. போனாரு, புயல் வந்துச்சு. கோழி வந்துச்சு முட்டை போட்டுச்சுங்கற மாதிரி. செத்தாருன்னு ஒருநாள் சொல்லட்டும் பார்ப்போம்!" பிறகு குரல் இறங்கியது. "ஒனோரா, நான் உனக்குக் கெட்டவ இல்லை. வாந்தி எடுத்துக்கிட்டே ஒண்ணா வந்தோம். நாளைக்கு அந்த மனுஷன் வந்து வாசல்ல நின்னா, ரெண்டு புருஷனை வச்சுக்கிட்டு நீ எந்தக் கோவில்ல முட்டி போடுவே? எனக்கு வேற எந்தச் சத்தியமும் வேணாம். அவர் பேரைச் சொல்லி அதைச் சொல்லு. நம்ம பாஷைல. சொல்லிட்டேன்னா நானே நாளைக்கு உனக்குப் பூ வச்சு விடறேன்."

சாமியார் அம்மாவைப் பார்த்தார். அவர் பட்டணத்தில் வளர்ந்தவர், அந்த மொழி அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த மூன்று வார்த்தை தெரியும். அவருடைய அம்மாவும் சொன்னவள்தான்.

"சொல்லும்மா," என்றார்.

அம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பார்ட்லி ஃபோலன்," என்றாள்.

எல்லாரும் காத்திருந்தார்கள். வின்னி தரையில் சோளக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். காலில் கந்தல் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. அந்தக் கயிறையே டெலியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்ட்லி," என்றாள் அம்மா மறுபடி. இருமல்கூட வரவில்லை.

நேப்லா மெதுவாகச் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சாமியார் பக்கம் திரும்பினாள்.

டெலியாவுக்கு அப்பாவின் கை ஞாபகம் வந்தது. முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்த கை, உப்பில் வெடித்த பழைய தழும்புகளோடு. இந்த நேரத்தில் அவர் எங்கேயோ தரைக்குக் கீழே விளக்கு கட்டிக்கொண்டு நிற்கலாம். தண்ணீர்ப் பக்கம் நின்று மோந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர் தலைக்கு மேல் கை வைப்பது போல ஒரு தடவை அவரை நினைத்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"எங்கப்பா பார்ட்லி ஃபோலன், வானத்து வெளிச்சம் அவருக்கு, கொட்டகைக்குப் போறதை நான் பார்த்தேன் சாமி." குரல் தெளிவாக வந்தது. அது அவளுக்கே ஆச்சரியம். "கயிறைப் பிடிச்சுட்டுத்தான் போனாரு. அப்புறம் கயிறு அவுந்து கெடந்துச்சு. அம்மாவால சொல்ல முடியலை. ஒடம்பு கெடைக்கலையே, சொன்னா புதைச்ச மாதிரி ஆயிடும்னு பயப்படறா. அதான் நான் சொல்றேன். எங்கப்பாவுக்கு வானத்து வெளிச்சம். அவருக்கு வானத்து வெளிச்சம்."

நேப்லாவின் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. பெற்ற மகள், உயிரோடு இருக்கும் அப்பனுக்கு அதைச் சொல்வாள் என்று அவள் வந்த கடற்கரையில் யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

"ஐயோ, கண்ணு," என்றாள். "என்னை மன்னிச்சிடு கண்ணு. வானத்து வெளிச்சம் அவருக்கு."

"ஆமென்," என்றார் சாமியார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "போதும். நாளைக்கு ஓலை வாசிக்கறேன்."

அம்மா டெலியாவைப் பார்த்தாள். கோபம் இல்லை, நன்றியும் இல்லை. நாளைக் காலை கப்பலேறப் போகிறவளைப் பார்ப்பது போல, முகத்தை மனசில் வைத்துக்கொள்கிறவள் போலப் பார்த்தாள்.

கல்யாணம் சின்னதாக நடந்தது. நேப்லா ஒரு வாத்து கொண்டுவந்தாள், சொன்னபடியே கிழிந்த துணியில் பூச் செய்து அம்மாவின் தொப்பியில் குத்திவிட்டாள், ஹில்கரின் கழுத்துப் பட்டியைப் பார்த்துத் தூக்குக் கயிறா கல்யாணக் கயிறா என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாள். டெலியாவும் சிரித்தாள். சிரிப்பு வருகிற இடம் எதுவென்று தெரிந்தது, அதனால் சிரித்தாள். மண்வீட்டிலிருந்து கட்டில், பானை, கொட்டகைக் கயிறு எல்லாம் வண்டியில் ஏறின. கதவை ஹில்கர் கழற்றிக்கொண்டு வரலாம் என்றார். அம்மா வேண்டாம் என்றாள்.

முதல் பனி சீக்கிரமே வந்தது. ஹில்கர் பலகை வீட்டின் கதவிலிருந்து கொட்டகை வரை அந்தக் கயிறைக் கட்டச் சொன்னார். டெலியாதான் கட்டினாள். அவர் வந்து இழுத்துப் பார்த்தார், இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார்.

"நல்ல முடிச்சு. யார் சொல்லிக் குடுத்தது?"

"எங்கப்பா. வானத்து வெளிச்சம் அவருக்கு."

ஹில்கர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பனியில் நின்றார். அந்த வார்த்தையை அவர் இப்போதெல்லாம் செத்துப்போன கெர்ட்ரூடுக்குக்கூடச் சொல்வதில்லை, பயம்.

உள்ளே அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வின்னி புதுப் பூட்ஸைக் காலில் போடாமல் கையில் மாட்டிக்கொண்டு மேஜைமேல் நடக்க விட்டுக்கொண்டிருந்தாள். டெலியா அடுப்பருகில் போய் விரல்களை விரித்து நின்றாள். இங்கே புல் எரிப்பதில்லை, விறகு. அடுப்பு பெரியது. சூடு எங்கே என்று தெரியாததால் கொஞ்சம் கிட்டப் போனாள்.

"அக்கா! கை! அக்கா, கை!" என்று வின்னி அலறினாள்.

குனிந்து பார்த்தாள். உள்ளங்கை அடுப்பு மூடிமேல் இருந்தது. நாற்றம் அப்போதுதான் வந்தது. கையை எடுத்தாள்.

அம்மா மாவுக் கையோடு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து, வாசலுக்கு இழுத்துப்போய், கயிறு கட்டிய தூணடியில் குவிந்திருந்த பனிக்குள் அந்தக் கையை அழுத்தினாள். தன் கையையும் சேர்த்தே அழுத்தினாள். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்திருந்தார்கள்.

"குளிருதா?" என்று கேட்டாள் அம்மா கொஞ்சம் கழித்து.

டெலியா யோசித்துப் பார்த்தாள்.

"இன்னும் இல்லைம்மா."

"சரி," என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்ச நேரம் வச்சிரு."